பசை வைத்து அடைத்த துளை

இங்கிரிட் ஹால்வர்சன் காரை விட்டு இறங்கும்போதே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் அந்த ஊர்ச் சூரியன் மத்தியானம் தலையைக் காட்டிவிட்டு உடனே கிளம்பிவிடும். காரின் முன்பக்கம் தொங்கிய எஞ்சின் ஹீட்டர் வயரை இழுத்து, கம்பத்திலிருந்த பிளக்கில் மாட்டினாள். மாட்டாமல் போனால் திரும்பி வரும்போது எஞ்சின் கல்லாகிக் கிடக்கும்.

பனிக்கட்டி ஆய்வுக் கட்டடம் பல்கலைக்கழக வளாகத்தின் கடைக்கோடியில், உறைந்த ஏரியைப் பார்த்தபடி நின்றது. விடுமுறைக்கு மாணவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வாசற்படியில் ஒரே ஆளின் காலடித் தடம். காற்று ஏரியின் மேலிருந்து பொடிப்பனியை அள்ளிக்கொண்டு வந்து கன்னத்தில் ஊசியாகக் குத்தியது.

உள்ளே சூடு. ஈரக் கம்பளி நாற்றம்.

நுழைவாயிலை ஒட்டிய அறையில் ஒரு பெரிய ஆள் மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். தோலை ஒரு காகிதக் கோப்பைக்குள் துப்பினார். சாம்பல் தாடி, உள்ளே புதைந்த சின்னக் கண்கள். வால்டர் பெட்ரிக். அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“கம்ப்யூட்டர் ஆபீஸா? எத்தனை மெயில்தான் அனுப்புவீங்க? கை வலிக்கலையா?”

“ஒண்ணுக்காவது பதில் போட்டிருந்தா நிறுத்தியிருப்போம், மிஸ்டர் பெட்ரிக்.”

“பதில் போட என்ன இருக்கு? இங்க யாரும் பென் டிரைவ் போடல. அவ்வளவுதான்.”

“உங்க மெஷின் வேற மாதிரி சொல்லுதே. தினமும் சாயங்காலம் கீழ்த்தள மெஷின்ல யாரோ ஒரு பென் டிரைவ் செருகுறாங்க. ஏதோ காப்பி ஆகுது. அபாய மணி ஓடுற மெஷின்ல வெளி டிரைவ் எதுவும் கூடாதுங்கறது நேத்து போட்ட விதி இல்ல. அதுவும் ஓர் உயிர் போன இடத்துல.”

கொறிப்பது நின்றது.

“அந்த உயிரை வெளிய தூக்கிட்டு வந்தவன் நான்,” என்றார் பெட்ரிக். “எனக்கு நீ பாடம் எடுக்காத.”

போன குளிர்காலத்தில் நடந்தது. நடீன் பூஷே என்ற ஆராய்ச்சி மாணவி, ஏரியில் துளையிட்டு எடுத்த பனிக்கட்டிகளை அறுத்துப் பார்ப்பதற்காகக் கீழ்த்தளத்துக் குளிர் அறைக்குள் போனாள். கதவின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே ஓர் அபாயப் பொத்தான் உண்டு. அமுக்கினால் பக்கத்து அறையிலிருக்கும் கணினி வழியாக மேலே மணி அடிக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனாள், பொத்தானை அமுக்கவே இல்லை என்று விசாரணைக் குழு எழுதிவிட்டது. அன்று மேலே வேலையில் இருந்தவர் பெட்ரிக் ஒருவர்தான். மணி அடிக்கவில்லை என்று சாட்சி சொன்னதும் அவர்தான். கணினி நன்றாக இருக்கிறது என்று இங்கிரிட்டின் அலுவலகம் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தது. எழுதிய ஆள் கட்டடத்துக்கே வரவில்லை என்பது பின்னால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமானது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

“நான் கீழ போய்ப் பாக்கணும்,” என்றாள் இங்கிரிட்.

“முடியாதுன்னா?”

“இந்த நிமிஷமே இந்தக் கட்டடத்தோட நெட்வொர்க்கை வெட்டிவிட்டுட்டுப் போவேன்.”

“வெட்டினா மேல இருக்குற உறைபெட்டி எல்லாம் கண்காணிப்பு இல்லாம கிடக்கும். எத்தனை வருஷப் பனிக்கட்டி தெரியுமா?”

“அப்ப யாரு செருகுறாங்கன்னு சொல்லுங்க. நான் பேசாம கிளம்பிடறேன்.”

பெட்ரிக் எழுந்தார். நிலைப்படியை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். அவள் முன்னே போக, அவர் பின்னால் வந்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

படி இறங்க இறங்க சூடு விட்டுப்போனது.

கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை. ஒரு மூலையில் மேசையும் கணினியும், மேசைக்கடியில் ஒரு சின்ன ஹீட்டரும். எதிரே குளிர் அறையின் கனத்த இரும்புக் கதவு, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே உடைந்த மேசைகளும் அட்டைப் பெட்டிகளும் கிடந்தன. அது நடந்ததிலிருந்து அந்த அறை ஓடவில்லை. அதன் மின்வயரை வெட்டிச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

இங்கிரிட் கணினிக்கு முன்னால் குனிந்தாள்.

பென் டிரைவ் செருகும் துளைகள் இரண்டிலும் பழுப்புப் பசை ஊற்றி, அது கல்லாக இறுகிப்போயிருந்தது. கணினியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் அதேதான். நகத்தால் சுரண்டினாள். ஒரு துகள்கூடப் பெயரவில்லை.

“யாரு அடைச்சது?”

“நான்தான்.”

“எப்ப?”

“அது நடந்த மறுநாள்.”

“யாரு சொல்லி?”

பெட்ரிக் தாடியைத் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை மின்னியது. அந்தக் குளிரில்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. கணினி உபயோகிக்கும் எல்லோருக்கும் பழக்கமான, ஒரு நாளில் யாரும் கவனிக்காமல் பலமுறை கேட்கும் சின்ன ஓசை.

டிங்-டங்.

புதிய சேமிப்புக் கருவி இணைக்கப்பட்டது என்றது திரை.

இங்கிரிட் துளைகளைப் பார்த்தாள். பசை அப்படியே இருந்தது. ஆனால் அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள். உறைபனி.

“என்ன வித்தை காட்டுறீங்க?” என்றாள். 

“இது தினமும் நடக்குது,” பெட்ரிக் முணுமுணுத்தார். “அதான் நான் கீழ வர்றதே இல்ல. இப்பப் பாத்துட்டே இல்ல? வா, போகலாம்.”

அவள் போகவில்லை. அவள் தொழில் அது. மேசைமுன் உட்கார்ந்து அந்தக் கருவியைத் திறந்தாள். உள்ளே வரிசையாக ஹாக்கி ஆட்டங்கள். போன வருஷத்து ஆட்டங்கள், அரையிறுதி வரைக்கும். ஆட்டங்களுக்குக் கீழே ஒரே ஓர் ஒலிப்பதிவு. அதன் அளவு அவள் பார்க்கப் பார்க்க வளர்ந்துகொண்டிருந்தது.

“இந்த டிரைவ் யாரோடது, மிஸ்டர் பெட்ரிக்?”

“அதைத் தொடாத.”

“உங்களோடதா?”

“தொடாதேன்னு சொல்றேன்ல!”

அவள் தொட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும். பிறகு அந்த இரைச்சலுக்குள் ஒரு மூச்சு. உள்ளே போகும் மூச்சு நீளமாகவும் வெளியே வரும் மூச்சு துண்டு துண்டாகவும் இருந்தது. பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை. அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு பொத்தானை அமுக்கி அமுக்கி விடும் சத்தம். கிளிக். கிளிக். கிளிக்.

பிறகு ஒரு பெண் குரல். பதற்றமில்லாமல், மரியாதையாக.

“வால்ட்? மேல இருக்கீங்கதானே? மணி அடிக்கறேன் வால்ட். கேக்கலையா?”

“அணை!” பெட்ரிக் கத்தினார்.

“அவ மணி அடிச்சிருக்கா,” என்றாள் இங்கிரிட். “அடிக்கவே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எனக்குக் கேக்கல! கேக்காததைக் கேக்கலன்னுதான் சொன்னேன்!”

“ஏன் கேக்கல?”

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சொல்லத் தொடங்கியபோது அழவில்லை. கோபமாகவே சொன்னார், தனக்கு யாரோ அநியாயம் செய்துவிட்டதைப் போல.

“வீட்டுல லைன் சரியில்ல. இங்க வேகமா இறங்கும். மேல இருக்குற மெஷினெல்லாம் பசங்க எப்பவும் பிடிச்சு வச்சிருப்பாங்க. இது சும்மாதானே கிடக்கு? எல்லாரும் பண்றதுதான். யாரு பண்ணல? அந்த டிரைவ்ல என்ன எழவு கிருமி ஒட்டிட்டு இருந்துச்சோ, மெஷின் அப்படியே நின்னு போச்சு. காலையில பாத்துக்கலாம்னு மேல போயிட்டேன். அவ கீழ இருக்கறது எனக்குத் தெரியாது. காதுல ஹெட்போன் மாட்டிட்டு ஆட்டம் பாத்தேன். அவ்வளவுதான். ஆட்டம் பாத்தது கொலையா?”

“அப்புறம்?”

“டிரைவை ஏரியில போட்டேன். மீன் பிடிக்கப் பனியில போட்ட துளை வழியா. அது அடியில கிடக்கு. அது இங்க வர முடியாது.”

இங்கிரிட் எழுந்தாள். கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அவ அம்மா இவ்வளவு நாளா என்ன நினைச்சுட்டு இருப்பாங்க? தன் பொண்ணோட கவனக்குறைவுதான்னு. நான் இதைச் சொல்லியாகணும், மிஸ்டர் பெட்ரிக்.”

“யார்கிட்ட? என்ன வச்சுச் சொல்லுவே? அடைச்ச துளையில டிரைவ் வந்துச்சுன்னா?”

“இந்த மெஷினைப் பிரிச்சா எல்லாம் தெரியும். என்னைக்கு எந்த டிரைவ் போட்டாங்கன்னு உள்ள பதிஞ்சிருக்கும்.”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன கணமே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரிக்கின் கண் அவளைவிட்டுக் கணினிக்குப் போனது. அங்கிருந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பனிக்கட்டி உடைக்கும் சுத்தியலுக்கு.

அவள் படியைப் பார்த்து ஓடினாள். அவர் கை அவள் தோளைப் பிடித்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கு அவளைத் திருப்புவது கஷ்டமாகவே இல்லை.

“அஞ்சு நிமிஷம் உள்ள இரு,” என்றார் மூச்சிரைக்க. “உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். வேலையை முடிச்சுட்டுத் திறந்து விடறேன்.”

நாற்காலி உருண்டது. அவள் அட்டைப் பெட்டிகளின் மேல் போய் விழுந்தாள். கதவு மூடிக்கொண்டது.

இருட்டு.

கண்ணுக்கு முன்னால் கையை வைத்தால் கை இல்லை. அவள் தடவித் தடவிக் கதவை அடைந்து தாழ்ப்பாளை ஆட்டினாள். அசையவில்லை. போனை எடுத்தாள். அதன் வெளிச்சம் ஒருமுறை சிமிட்டி அணைந்துபோனது. பரவாயில்லை, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இது வெறும் பழைய சாமான் அறை. ஓடாத அறை. வயரே கிடையாது.

தலைக்கு மேலே விசிறி சுழலத் தொடங்கியது.

முதலில் மெதுவாக, துருப்பிடித்த முனகலோடு. பிறகு வேகமாக. குளிர் மேலிருந்து இறங்கி வந்து அவள் தலையில், தோளில், முதுகில் உட்கார்ந்தது. மூக்குக்குள் மயிர்கள் ஒட்டிக்கொண்டன. கண்ணிமை ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. வெட்டுப்பட்ட இரும்பின் வாசனை. அதோடு யாரோ நாளெல்லாம் போட்டுக் கழற்றிய கம்பளிக் கையுறையின் வாசனை.

அறையில் இன்னொருவர் இருந்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் இடப்பக்கம் விசிறிக் காற்று அவள்மேல் படவில்லை. நடுவில் யாரோ நின்று தடுப்பதைப் போல.

“நீ கம்ப்யூட்டர் ஆபீஸ்.”

காதுக்குப் பக்கத்தில். அந்தப் பேச்சில் மூச்சின் வெப்பம் இல்லை.

இங்கிரிட் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

“மெஷின் நல்லாருக்குன்னு எழுதினீங்க.”

“ஆமா,” என்றாள். பொய் சொல்ல அங்கே இடமில்லை.

“பாத்தீங்களா?”

“இல்ல.”

காற்றைத் தடுத்து நின்றது இன்னும் நெருங்கியது. அவள் கன்னத்தில் ஏதோ பட்டது. கையுறையின் முரட்டு நூல். அதற்குள் விரல் இருந்தது. மெதுவாக அவள் தாடையை எட்டி, அங்கேயே நின்று அழுத்தியது. பட்ட இடம் எரிந்து, உடனே மரத்துப்போனது.

கதவுக்கு வெளியே ஓர் அடி விழும் சத்தம் கேட்டது. பெட்ரிக் சுத்தியலை ஓங்கியிருக்க வேண்டும். இரண்டாவது அடி விழவில்லை.

“யாரு அது?” என்றது பெட்ரிக்கின் குரல்.

சுத்தியல் தரையில் விழும் சத்தம்.

“நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன். எங்க அடிக்குது? எங்கடி அடிக்குது?”

இங்கிரிட்டுக்கு எந்த மணியும் கேட்கவில்லை.

“கேக்குதும்மா!” பெட்ரிக் இப்போது அலறினார். “நடீன்! கேக்குது! இப்பக் கேக்குது, நிறுத்தும்மா!”

அந்த அலறல் சட்டென்று அறுந்தது. இங்கிரிட் சுவரைத் தடவினாள். விரலில் அந்தப் பொத்தான் தட்டுப்பட்டது. அமுக்கினாள். வெறும் பிளாஸ்டிக் கிளிக். மறுபடி அமுக்கினாள். விரல்நுனி பொத்தானோடு ஒட்டிக்கொண்டது.

காலில் உணர்வு போய்விட்டது. தூக்கம் வந்தது. இதமான தூக்கம். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“நடீன்,” என்றாள். உதடு கோணியது. “நான் வெளிய போனா உங்கம்மாகிட்டப் போவேன். நீ மணி அடிச்சேன்னு சொல்வேன். நீ தப்புப் பண்ணலன்னு. எங்க ஆபீஸ் பாக்காம எழுதினதையும் சொல்வேன்.”

 கையுறை தாடையிலேயே இருந்தது. சொன்னதை எடை போடுவதைப் போல.

பிறகு மேலே, கட்டடம் முழுக்க, மணி அடித்தது.

சுவர் அதிர்ந்தது. விசிறி நின்றது. தாழ்ப்பாள் தானாக விலகிய சத்தத்தைக் கேட்டு அவள் கதவின்மேல் சாய்ந்தாள். அப்படியே வெளியே விழுந்தாள்.

பெட்ரிக் கணினிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை துளைகளை மூடியபடி ஒட்டியிருந்தது. தாடி முழுக்க வெண்பனி. அவர் காலருகே ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

மணிச் சத்தம் கேட்டு வளாகக் காவலர்கள் வந்தார்கள். கையைப் பிரித்தெடுக்கும்போது தோல் அங்கேயே தங்கிவிட்டது.

மருத்துவமனையில் அவருடைய விரல்களை எடுத்தார்கள். போலீஸ்காரர் கேள்வி கேட்க ஆரம்பிக்கும் முன்பே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கணினியைப் பிரித்துப் பார்த்தபோது அதுவும் அதையே சொன்னது. நர்ஸிடம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “அந்த மணியை யாராவது நிறுத்துங்களேன்.” எந்த மணி என்று அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு காதில் பஞ்சு வைத்துவிட்டார்கள். அது உதவவில்லை.

விசாரணைக் குழு எழுதியதைத் திருத்தி எழுதியது. அதை நடீனின் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினால் போதும் என்று இங்கிரிட்டின் அலுவலகத்தில் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அரை நாள் கார் ஓட்டி, ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊருக்குப் போனாள்.

கதவைத் திறந்த இவெட் பூஷே அவளை உள்ளே கூப்பிடவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தாள். வாசலை மறைத்து நின்றாள்.

“இன்னும் என்ன பாக்கி வச்சிருக்கீங்க?” என்றாள். “எம்பொண்ணுக்கு அறிவில்லன்னு எழுதி அனுப்பினது போதாதா?”

இங்கிரிட் பனியில் நின்றபடியே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தன் அலுவலகம் எழுதிய ஒரு வரியையும் சொன்னாள். இருட்டில் கேட்ட குரலை மட்டும் சொல்லவில்லை. அந்தத் தாயிடம் அதை எப்படிச் சொல்வது?

இவெட் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

“மணி அடிச்சாளா?”

“அடிச்சா. ரொம்ப நேரம் அடிச்சிருக்கா.”

“சின்னதுலேர்ந்தே அவ எதையும் சொல்லாம செய்ய மாட்டா. நான் அந்த விசாரணைக்காரங்ககிட்டச் சொன்னேன். ஒருத்தனும் காதுல வாங்கல.” குரல் உடையும் முன் கதவைச் சாத்திக்கொண்டாள். “போங்க. நீங்க யாரும் இனி இந்தப் பக்கம் வராதீங்க.”

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அழுகையைக் கேட்டபடி இங்கிரிட் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காருக்குப் போனாள். தாடையில் விரல் பட்ட இடம் கறுத்து, தழும்பாகி, அப்படியே தங்கிவிட்டது.

ஜூலை மாதம் குளிர் அறையைப் பிரித்தெடுத்தார்கள். இரும்புக் கதவைக் கழற்றி, லாரி வரும்வரை ஏரிக்கரைப் புல்வெளியில் படுக்கப் போட்டிருந்தார்கள். நல்ல வெயில். கோடை வகுப்புக்கு வந்த மாணவர்கள் சிலர், அது என்ன கதவு என்று தெரியாமல், அதன்மேல் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாகப் போன இங்கிரிட், அவர்களை எழுப்பிவிடலாமா என்று யோசித்தாள்.

சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று நிறுத்தினாள்.

மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் எழுந்து விலகி நின்றார்கள்.

கதவுக்கு அடியில் புல்லும் மண்ணும் தவிர ஒன்றுமில்லை.

அடியிலிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, மரியாதையாக.